எல்லார் தலைக்கும் எண்ணெய்

1

போன வாரம் மாதுங்கா மார்க்கெட்டில் நல்லெண்ணெய் வாங்கப் போனேன். கடைக்காரர் தகரப் புனலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆத்துக்கா, ஆஸ்பத்திரிக்கா மாமி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். உடனே சின்ன பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டுப் பெரிய டின்னை இழுத்தார். பக்கத்தில் வாழைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாலக்காட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கியவள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்குவார்கள், ஹார்லிக்ஸ் வாங்குவார்கள், டின்னோடு நல்லெண்ணெயை யார் வாங்குவார்கள் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

அதுவும் எந்த ஆஸ்பத்திரி? மனசு சரியில்லாதவர்களைச் சேர்க்கிற ஆஸ்பத்திரி. குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி, மாமரங்களுக்கு நடுவே நடந்து போகவேண்டும். அங்கே நான் நர்ஸும் இல்லை, சமையல்காரியும் இல்லை. கணக்குப் போடுகிறவள். கணக்குப் போடுகிறவளுக்கும் எண்ணெய் டின்னுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் இருக்கிற நீங்களும் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெண் வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து மராத்திப் பாடம் ஒப்பிக்கிறாள். நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. இதை அவள் என்றைக்காவது முழுசாகப் படிப்பாளா என்பது எனக்கே சந்தேகம்தான். படிக்காவிட்டாலும் இந்தக் கதை அவளுக்குத் தெரியும், அவளும் அதில் ஒரு சீட்டு எடுத்தவள்தானே.

2

சென்னையில் கணிதம் படித்து பி.ஏ. வாங்கியவளைக் கல்யாணம் பண்ணி பம்பாய்க்கு அனுப்பினார்கள். அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. வந்த புதிதில் என் கணிதம் பால்காரனோடு சண்டை போடத்தான் உதவியது. என் ஹிந்தியைக் கேட்டுப் பால்காரனே வாய் பொத்திச் சிரிப்பான். அவனை நான் பெண்பாலில் கூப்பிடுவேனாம், அவன் எருமையை ஆண்பாலில் சொல்வேனாம். யுத்தம் முடிந்த பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. பெரிய டாக்டர் பார்சி. தாடை நீண்ட, நல்ல மனசுள்ள, சட்டென்று கோபம் வருகிற மனுஷர். எனக்கும் கோபம் வரும். அதனால் ஒத்துப்போயிற்று.

அப்போது அங்கே மின்சார வைத்தியம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் கம்பி வைத்து ஒரு கணம் கரண்ட் விடுவார்கள். உடம்பு தூக்கிப் போடும், பார்க்கச் சகிக்காது. ஆனால் பேசாமல் கிடந்தவர்கள் சிலர் அதற்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்கள் என்பதும் உண்மை. டாக்டர் பெருமையாகக் கணக்குக் காட்டினார். கரண்ட் வைத்தவர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போய்விட்டார்கள், வைக்காதவர்கள் அப்படியே இருக்கிறார்கள் பார் என்றார்.

யாருக்குக் கரண்ட் வைத்தீர்கள் என்று கேட்டேன். தேறுவார்கள் என்று தோன்றியவர்களுக்கு என்றார். வயசு குறைந்தவர்கள், நோய் வந்து அதிக நாள் ஆகாதவர்கள், உடம்பு தாங்கக்கூடியவர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து டியூஷன் வைத்துவிட்டு, என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் பாஸ் என்று வாத்தியார் மார் தட்டிக்கொள்கிற மாதிரி அல்லவா இருக்கிறது இது? அவரிடம் அப்படியே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், சீமையில் இப்போது இதற்கென்றே ஒரு முறை வந்திருக்கிறது, படித்திருக்கிறேன் என்று அவரே ஆரம்பித்தார்.

முறை இதுதான். யாருக்கு எந்த வைத்தியம் என்று டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. சீட்டு தீர்மானிக்க வேண்டும். உள்ளே 'கரண்ட்' அல்லது 'ஓய்வு' என்று எழுதி ஒட்டிய கவர்கள். ஓய்வு என்றால் தூக்க மருந்து, பால், தோட்ட வேலை, முன்பு எல்லாருக்கும் நடந்ததுதான். ஒவ்வொரு நோயாளியும் சேரும்போது அடுத்த கவரைக் கிழிக்கவேண்டும். வாரா வாரம் வேறொரு டாக்டர் வந்து எல்லாரையும் ஒரே கேள்விகள் கேட்டு மார்க் போடுவார். யாருக்கு எது விழுந்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவர் பிரிவினையில் சிந்து மாகாணத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். கல்யாண் பக்கம் அகதி முகாமிலிருந்து ரயிலேறி வருவார்.

கவர்களைத் தயார் செய்யும் வேலை எனக்கு. அதற்கென்று சீமையிலிருந்து ஒரு புத்தகம் தருவித்தார்கள். பக்கம் பக்கமாக வெறும் எண்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். வசந்தா அதைப் புரட்டிவிட்டு, "இதுல கதை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். கதை இல்லாததுதான் அதன் சிறப்பு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அந்த எண்களைப் பார்த்துத்தான் எந்தக் கவரில் எது என்று வைத்தேன். வரிசை எழுதிய தாளை அலமாரியில் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அந்தச் சாவி பின்னால் என்னை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

3

என் தம்பி கிட்டு கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. எங்கள் கட்டிடத்திலேயே மேல்மாடியில் அவனும் அவன் பெண்டாட்டி விசாலமும் குடியிருந்தார்கள். ஓயாமல் பேசுகிறவன். தாதரில் ரயில் மாறுவதற்குள் பக்கத்தில் நிற்பவனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவான். அப்படிப்பட்டவன் அந்த வருஷம் வேனிலில் பேச்சைக் குறைத்தான். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான். ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன், கூப்பிட்டால் திரும்பவே இல்லை.

காரணம் சொல்லாதவர்கள் பாக்கியில்லை. மேனேஜர் திட்டினான் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், விசாலத்தின் ஜாதகம் என்று கூடச் சொன்னார்கள். சொன்னவரை நான் படியிறங்கவைத்தேன். ஒரு கவளம் ஊட்ட விசாலம் அரைமணி நேரம் போராடுவாள். அவன் தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிய ஆரம்பித்தது. இப்படியே போனால் தம்பி போய்விடுவான் என்று எனக்குப் பயம் வந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ரேஷன் கார்டில் பெயர் மாற்ற வேண்டும். ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா, ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பேசாதவன், எழுந்து நிற்காதவன் எப்படி வருவான் என்று கேட்டேன். அப்படியானால் வர முடியவில்லை என்று அவரே எழுதிக் கொடுக்கட்டும் என்றார். நான் போட்ட சத்தத்தில் பின்னால் நின்ற வரிசை முழுவதும் என் கட்சிக்கு வந்துவிட்டது. கார்டு மாறியது.

4

சேர்க்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் விசாலம் பூ கட்டிப் பார்த்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ, ஸ்வாமி படத்துக்கு முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் கரண்ட். வசந்தா எடுத்தாள். வெள்ளை வந்தது. விசாலம் முகத்தில் பல நாளைக்குப் பிறகு தெளிவு வந்தது. அவளுக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக் கவர் அதை உறுதி செய்யவேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை அங்கே இன்னொரு குடும்பமும் காத்திருந்தது. தாராவியிலிருந்து வந்தவர்கள், திருநெல்வேலிப் பக்கம். சுடலை என்று பெயர், தோல் கிடங்கில் வேலை. அவனும் கிட்டு மாதிரியே பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான். கூட அவன் பெண்டாட்டி சண்முகத்தாய், உயரமான, உரத்த குரல்காரி. யார் முதலில் என்று கேட்டார்கள். முதலில் வந்தவர்கள் நாங்கள். பெரிய டாக்டர் கவரைக் கிழித்தார். கிட்டுவுக்கு ஓய்வு. அடுத்த கவர் சுடலைக்கு. கரண்ட்.

விசாலம் என்னைத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னும் ஒருத்தருக்கும் ஆரம்பிக்கலை. ரெண்டு சீட்டையும் மாத்திடுங்கோ. சாவி உங்ககிட்டதானே இருக்கு. ஸ்வாமியே சொல்லிட்டார், அப்புறம் என்ன?"

மழைக்காலம் முடிந்ததும் ஓய்வுக்காரர்களில் தேறாதவர்களுக்கும் கரண்ட் உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன். அதுவரைக்கும் இவர் இருக்கணுமே என்றாள். பொய் சொல்லவில்லை, சாவி இடுப்பில் சுட்டது. யாருக்கு எது என்று வார்டுக்கு அந்தத் தாளைப் பார்த்து எழுதி அனுப்புவதும் நான்தான், மாற்றினால் யாருக்கும் தெரியாது. ஒரு வரிசை, இரண்டு பெயர், ஒரு நிமிஷ வேலை.

"விசாலம், அந்தத் தாராவிக்காரிக்கும் புருஷன்தாண்டி அது" என்றேன். "கரண்ட்தான் நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் சீட்டுப் போடறோம்? தெரியலை. தெரியலைங்கறதை ஒத்துக்கறதுக்குத்தான் சீட்டு."

எனக்கு என்ன நல்லது என்று ஸ்வாமியிடம் கேட்பது அவள் பூ. எல்லாருக்கும் என்ன நல்லது என்று இன்னும் தெரியாது என்று ஒப்புக்கொள்வது என் கவர். இதையெல்லாம் அவளிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நானோ கத்தினேன். அவள் அழுதாள். பிறகு நானும் அழுதேன். சாவியை மறுநாள் பெரிய டாக்டரிடம் கொடுத்து, இனிமேல் இது உங்கள் இடுப்பில் இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. விசாலம் அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ரயிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

5

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களுக்காக நோயாளிகளை மாமரத்தடியில் உட்காரவைப்பார்கள். சுடலை சில வாரங்களில் தேற ஆரம்பித்தான். பீடி கேட்டான், பிள்ளைகளைக் கேட்டான். கிட்டு பக்கத்து மரத்தடியில் மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விசாலம் அங்கே பார்ப்பாள், இங்கே பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கு சரிதான், அடுத்த ஞாயிறும் நான் இரண்டு மரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சிந்தி டாக்டர் தன் மார்க் தாள்களை மேஜையில் வைத்துவிட்டுப் பெரிய டாக்டரிடம், இனிமேல் என்னால் மார்க் போட முடியாது என்றார். ஏன் என்றால், யாருக்குக் கரண்ட் வைக்கிறீர்கள் என்று எனக்கு மூக்கிலேயே தெரிந்துவிடுகிறது என்கிறார். பெரிய டாக்டர் முழித்தார். எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எண்ணெய்! கரண்ட் வைத்தால் தலைக்குச் சூடு ஏறும், சூடு ஏறினால் எண்ணெய் வைக்க வேண்டும். இதை நம்மவர்களுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ன? சண்முகத்தாய் ஞாயிறு தோறும் நல்லெண்ணெய் கொண்டுவந்து சுடலை தலையில் வைத்து அரக்கித் தேய்த்திருக்கிறாள். அதைப் பார்த்து மற்றக் கரண்ட்காரர்களின் வீட்டார்களும் கொண்டுவந்திருக்கிறார்கள். மராத்திக்காரிகள் தேங்காய் எண்ணெய், ஒரு குஜராத்தி மாமி ஏதோ பூ வாசனை எண்ணெய். ஓய்வுக்காரர்களுக்குச் சூடு ஏறவில்லையே, அவர்களுக்கு எதற்கு எண்ணெய்? ஆக, திங்கட்கிழமை வருகிற சிந்தி டாக்டர், தலை பளபளத்தால் கரண்ட், காய்ந்திருந்தால் ஓய்வு என்று வாசலிலேயே பிரித்துவிடலாம். நான் எவ்வளவு கவர் ஒட்டி என்ன பிரயோஜனம்!

பெரிய டாக்டர் எண்ணெயைத் தடை செய்கிறேன் என்று குதித்தார். சண்முகத்தாயைக் கூப்பிட்டு என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:

"கரண்டு வைக்கது அவுக இஷ்டம், எண்ணெ வைக்கது என் இஷ்டம்னு சொல்லுங்கம்மா. உங்க வீட்டு ஆளுக்கு வச்சிருந்தா நீங்க எண்ணெ வைக்காம இருப்பியளா?"

இருப்பேனா? மாட்டேன். விசாலமும் மாட்டாள். இதை நிறுத்தினால் ஒளித்துவைத்துத் தேய்ப்பார்கள், மணம் ஒளியுமா? யோசித்துப் பார்த்தேன். நிறுத்த முடியாததை எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டியதுதான். கரண்ட்காரர், ஓய்வுக்காரர், வீட்டில் ஆள் வருகிறவர், ஆளே இல்லாதவர், எல்லார் தலைக்கும் ஒரே எண்ணெய், ஒரே நாள். அப்புறம் எந்த மூக்கு என்ன கண்டுபிடிக்கும்? பெரிய டாக்டர் அந்த நீண்ட தாடை ஆட ஆடச் சிரித்தார். சிந்தி டாக்டருக்குப் பதில் இன்னொரு டாக்டரைப் புதிதாக மார்க் போட அமர்த்தினோம். இப்படித்தான் மாதுங்கா மார்க்கெட்டில் நான் டின் வாங்க ஆரம்பித்தது.

6

முதல் ஞாயிறு சண்முகத்தாய்தான் படைத் தலைவி. ஆட்களே வராத ஒரு கிழவர் தலையில் அவளே எண்ணெய் வைத்தாள். விசாலம் கிட்டுவுக்குப் பக்கத்தில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கரண்டே வைக்காத தலைக்குக் குளிர்ச்சி என்ன வேண்டிக்கிடக்கு என்று முணுமுணுத்தாள். சீட்டு மாறியிருந்தால் இந்த எண்ணெய்க்கு அர்த்தம் இருந்திருக்கும் என்பது அதற்குள் இருந்தது.

சண்முகத்தாய் வந்து நின்றாள். "நீங்க வைக்கலையா? அப்ப நா வச்சு விடுதேன்" என்றாள்.

விசாலம் சட்டென்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எங்கள் வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தோல் கிடங்குக்காரன் பெண்டாட்டி, பாலக்காட்டு ஐயர் தலையில் கை வைப்பதாவது! நான் விசாலத்தைப் பார்த்தேன். அவள் கிட்டுவின் காய்ந்த தலையையும் துருத்திய தோளையும் பார்த்தாள். கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தாள்.

சண்முகத்தாய் தேய்ப்பது பார்த்தால்தான் தெரியும். ஏனோதானோ என்று தடவுகிற வேலையெல்லாம் கிடையாது. உச்சியில் உள்ளங்கை நிறைய எண்ணெய் வைத்து, இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரி அழுத்தித் தேய்த்தாள். கிட்டுவின் தலை முன்னும் பின்னும் ஆடியது. எண்ணெய் நெற்றியில் வழிந்தது. அவள் சுடலையோடு வேறு ஏதோ பேசிக்கொண்டே தேய்த்தாள்.

"மெதுவா... கண்ணுல போறது."

யார் பேசினது என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. துருப்பிடித்த குரல். சண்முகத்தாய் கையை நிறுத்தினாள். கிட்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கையால் துழாவினான். மாதக்கணக்கில் அவன் முகம் அப்படிச் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை. விசாலம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவன் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், எண்ணெய் போன பிறகும்.

"அக்கா" என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவுதான்.

7

கிட்டு உடனே எழுந்து ஓடிவிடவில்லை. அடுத்த வாரம் இரண்டு வார்த்தை, அதற்கடுத்த வாரம் மோர் கேட்டான். மழை ஓயும்போது தோட்டத்தில் கீரைப் பாத்தி போட்டான். அவனுக்குக் கரண்ட் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஆபீஸ் போகிறான். பழையபடி ரயிலில் வம்பளக்கிறானா என்றால், முக்கால்வாசி.

கணக்கும் முடிந்தது. கரண்ட் கோஷ்டியில் தேறியவர்கள்தான் அதிகம். இரண்டு வைத்தியமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், சீட்டு விழுந்த விதத்தால் மட்டுமே இவ்வளவு வித்தியாசம் வந்திருக்குமா என்று பார்த்தேன். வர வாய்ப்பு குறைவுதான். ஆட்கள் போதாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கிட்டு 'ஓய்வு, தேறினார்' என்ற கட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டையும் நான்தான் போட்டேன். மற்றக் கோடுகளைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

எண்ணெய்தான் அவனைத் தேற்றியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விசாலம் ஆமாம் என்கிறாள், வெள்ளைப் பூவை இப்போது நினைவுபடுத்துவதில்லை. எனக்குத் தெரியாது. எல்லார் தலைக்கும் வைத்துவிட்டோமே, யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? பெரிய டாக்டருக்கும் இந்த அரிப்பு வந்துவிட்டது. மறுபடி சீட்டுப் போடலாம், பாதிப் பேருக்கு எண்ணெய், பாதிப் பேருக்கு இல்லை என்று போன மாதம் ஆரம்பித்தார். நான் கவர் எண்ணத் தொடங்கிவிட்டேன். விசாலம் அன்று கூட வந்திருந்தாள். எண்ணெய் இல்லாத சீட்டு விழுந்தவர்களோடு உட்காரலாமோல்லியோ, தலையைத் தொடலாமோல்லியோ என்று கேட்டாள். டாக்டரிடம் மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடிவைத்தார். எண்ணெயையும் தொடுகிற கையையும் பிரிக்க எப்படிக் கவர் செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். யோசித்து முடிகிறவரை எண்ணெய் எல்லாருக்கும்தான்.

நேற்று ஞாயிறு. டின்னை எடுத்துக்கொண்டு விசாலமும் நானும் போனோம். பெண்கள் வார்டில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். எந்த ஊர், என்ன பாஷை என்றுகூடத் தெரியவில்லை. பார்க்க யாரும் வருவதில்லை. விசாலம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து உச்சியில் எண்ணெய் வைத்தாள். சண்முகத்தாய் தேய்த்த மாதிரியே, அழுத்தி, இரண்டு கையாலும். தமிழில்தான் சொன்னாள்:

"கண்ணுல போனா சொல்லும்மா."

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. விசாலம் கையை நிறுத்தி, அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.